தன் எமனைத் தானே விற்ற ஃபேசிட்: ஒரு கணக்கு இயந்திர நிறுவனத்தின் ஏற்றமும் சரிவும்

தமிழ்நாட்டில் தட்டச்சுப் பயிலகத்தின் படி ஏறியவர்களுக்கு ஃபேசிட் என்ற பெயர் புதிதல்ல. ரெமிங்டன், கோத்ரெஜ், ஹால்டா வரிசையில் மேசைமேல் இருந்த இன்னொரு தட்டச்சு இயந்திரம் அது. அந்தப் பெயருக்கு உலகப் புகழ் கிடைத்ததோ தட்டச்சால் அல்ல, கணக்கு இயந்திரத்தால். மின்சாரமே இல்லாமல், கைப்பிடியைச் சுற்றினால் பெருக்கியும் வகுத்தும் தரும் இயந்திரங்களைச் சுவீடனில் செய்து நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் விற்ற நிறுவனம் ஃபேசிட். 1970 வாக்கில் அதில் சுமார் 14,000 பேர் வேலை பார்த்தார்கள். 1972இல் அது வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

இந்தச் சரிவை ஒற்றை வரியில் சொல்லி முடிப்பது வழக்கம்: எலக்ட்ரானிக்ஸ் வருவதை அவர்கள் கவனிக்கவில்லை. செயற்கை நுண்ணறிவால் எந்த நிறுவனம் பிழைக்கும், எது விழும் என்று பேசுகிறவர்கள் கோடாக், நோக்கியாவோடு சில சமயம் ஃபேசிட்டையும் சேர்த்து இதே வரியைச் சொல்கிறார்கள். அந்த வரி தவறு. ஃபேசிட் 1950களிலேயே கணினி செய்தது. 1960களில் ஜப்பானிய எலக்ட்ரானிக் கால்குலேட்டரை வாங்கித் தன் பெயரை ஒட்டி விற்றது. இவ்வளவு தெரிந்தும் ஏன் விழுந்தது என்பதுதான் உண்மையான கேள்வி. விடைக்கு இயந்திரத்தின் வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

கைப்பிடியைச் சுற்றினால் விடை வருவது எப்படி?

கணக்கு இயந்திரம் என்று இங்கே சொல்வது கூட்டல் இயந்திரத்தை அல்ல. கடைக்காரர் பட்டியல் கூட்ட உதவியது கூட்டல் இயந்திரம். அதில் பெருக்குவது பெரும்பாடு. கணக்கு இயந்திரம் நான்கு செயல்களையும் செய்யும். அதன் அடிப்படை இது:

1. உள்ளே ஓர் அச்சில் பல வட்டுகள் அருகருகே கோத்திருக்கும். ஒன்றுக்கு ஒரு வட்டு, பத்துக்கு ஒன்று, நூறுக்கு ஒன்று என்று ஒவ்வொரு இட மதிப்புக்கும் ஒன்று.

2. ஒவ்வொரு வட்டிலும் ஒன்பது பற்கள். அவை நிலையான பற்கள் அல்ல, உள்ளே இழுத்துக்கொள்ளும், வெளியே நீளும். 7 என்று வைத்தால் ஏழு பற்கள் மட்டும் வெளியே வரும்.

3. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் எல்லா வட்டுகளும் ஒரு முழுச் சுற்று வரும். நீண்டிருக்கும் பற்கள் எதிரே உள்ள எண் சக்கரத்தை அத்தனை படி தள்ளும். 347 வைத்து ஒரு சுற்று சுற்றினால் விடை வரிசையில் 347 ஏறும். இன்னொரு சுற்றில் 694.

4. ஒன்பதைத் தாண்டும்போது அடுத்த இடத்துக்கு ஒன்று ஏற வேண்டும். இதைச் செய்யும் சிறு நெம்புகோல்கள்தான் இயந்திரத்தில் மிக நுட்பமான பகுதி. இங்கே ஒரு நெம்புகோல் தேய்ந்தால் விடையே பிழையாகிவிடும்.

5. பெருக்கலுக்குத் திரும்பத் திரும்பக் கூட்ட வேண்டும். 347ஐ 26ஆல் பெருக்க 26 தடவை சுற்ற வேண்டியதில்லை. ஆறு சுற்று, ஓர் இடம் நகர்த்தல், இரண்டு சுற்று. மொத்தம் எட்டுச் சுற்றில் 9022 வந்துவிடும்.

6. எதிர்ப்பக்கம் சுற்றினால் கழித்தல். வகுத்தல் என்பது தொடர்ந்து கழிப்பது. கழிக்க மீதியில்லாமல் போனால் மணி அடிக்கும்; ஒரு சுற்றுத் திரும்பக் கூட்டிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும்.

இந்தப் பல் நீட்டும் சக்கரத்துக்கு முன்பு இருந்தது படிப்படியாக நீளம் கூடும் பற்களைக் கொண்ட உருளை. 17ஆம் நூற்றாண்டில் லைப்னிட்ஸ் யோசித்தது. பிரான்சின் தோமா 1820இல் காப்புரிமை பெற்று, 1850களில் வணிக அளவில் விற்ற அரித்மோமீட்டரில் இருந்தது அந்த உருளைதான். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு நீள உருளை தேவைப்பட்டதால் இயந்திரம் மேசையை அடைத்துக்கொண்டது. தட்டையான வட்டு அந்த இடத்தைப் பல மடங்கு சுருக்கியது.

ஒரு வட்டு, மூன்று நாடுகள்

வட்டு முறையைத் தொழிற்சாலையில் செய்யத் தக்க வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் வில்கோட் தியோபில் ஓட்னர். 1845இல் சுவீடனில் பிறந்தவர், 1868இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் பிழைக்கப் போனார். அங்கே ஆல்ஃபிரட் நோபலின் அண்ணன் லுட்விக் நோபலின் தொழிற்சாலையில் வேலை. பழுதான தோமா இயந்திரம் ஒன்றைச் சரிசெய்ய நேர்ந்தபோதுதான் இதைவிட எளிதாகச் செய்யலாமே என்று அவருக்குத் தோன்றியது. 1870களில் நோபல் தொழிற்சாலையிலேயே 14 இயந்திரங்கள் செய்யப்பட்டன. 1890இலிருந்து சொந்தப் பட்டறையில் பெருமளவு உற்பத்தி தொடங்கியது. 1905இல் அவர் இறந்தார்.

அவரது வட்டு மூன்று குடும்பங்களாகப் பிரிந்தது. 1892இல் காப்புரிமையைப் பெற்ற ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகர நிறுவனம் பிரன்ஸ்விகா என்ற பெயரில் செய்து விற்றது. 1917 புரட்சிக்குப் பின் ஓட்னர் குடும்பத் தொழில் சுவீடனின் கோத்தன்பர்க் நகருக்கு இடம்பெயர்ந்து ‘ஒரிஜினல் ஓட்னர்’ ஆயிற்று. ரஷ்யாவில் சோவியத் அரசு அதே இயந்திரத்தை மாஸ்கோவில் செய்து, ஃபெலிக்ஸ் ஜெர்ஜின்ஸ்கியின் பெயரால் ஃபெலிக்ஸ் என்று அழைத்தது. சோவியத் ரகசியப் போலீசைத் தொடங்கியவரின் பெயர் ஒரு கூட்டல் கழித்தல் கருவிக்கு வந்து சேர்ந்தது. வரலாற்றுக்கு இந்த மாதிரிக் குறும்பு உண்டு.

ஃபேசிட் இந்தக் குடும்பத்துக்குப் பக்கத்து வீடு. 1918இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கப்பட்ட சிறு நிறுவனம், வட்டு முறை இயந்திரத்தைத்தான் செய்தது. ஓடவில்லை. 1922இல் ஓட்விடாபெரி தொழிற்குழுமம் அதை எடுத்துக்கொண்டது.

செம்பு தீர்ந்த ஊர்

ஓட்விடாபெரி தென்கிழக்குச் சுவீடனில் லின்ஷோப்பிங் நகருக்குத் தெற்கே உள்ள சிற்றூர். பல நூறு ஆண்டுகள் செம்புச் சுரங்கம்தான் அதன் பிழைப்பு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செம்பு முடிந்தது. ஊரைக் காப்பாற்ற, நில உடைமையாளர்களான அடெல்ஸ்வேர்ட் குடும்பம் மரத்தின் பக்கம் திரும்பியது: அலுவலக மேசை, நாற்காலி, அலமாரி. முதல் உலகப் போருக்குப் பிந்தைய நெருக்கடியில் அந்தக் குழுமமும் தள்ளாடியது. 1922இல் பொறுப்பேற்ற எலோஃப் எரிக்சன் அதை மீண்டும் நிற்க வைத்தார்.

எரிக்சனின் யோசனை மிக எளியது. மேசை வாங்கும் அலுவலகம் மேசைமேல் வைக்கவும் ஏதாவது வாங்கும். 1938இல் ஹால்டா தட்டச்சுத் தொழில் வாங்கப்பட்டது. 1942இல் கோத்தன்பர்க்கின் ஒரிஜினல் ஓட்னரும். ஆக, ஓட்னரின் சுவீடன் கிளை ஃபேசிட்டின் கைக்கே வந்தது. போட்டியாளரை வாங்கி அவர் பெயரிலேயே தொடர்ந்து விற்பது இந்த நிறுவனத்தின் பழக்கமாயிற்று. பின்னால் இந்தப் பழக்கம் தொல்லையாகவும் மாறியது.

பத்தே விசை

ஃபேசிட்டை உலகச் சந்தைக்குள் தள்ளியது 1932இல் வந்த ஓர் இயந்திரம். வடிவமைத்தவர் கார்ல் ரூடின் என்ற பொறியாளர். ஓட்னர் இயந்திரத்தில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு நெம்புகோல். 347 வைக்க மூன்றை விரலால் தனித்தனியே தேடி இழுக்க வேண்டும். அமெரிக்காவின் மன்ரோ, மார்ச்சன்ட், ஃப்ரிடன் இயந்திரங்களில் ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒன்பது விசைகள் கொண்ட ஒரு நெடுவரிசை, மொத்தமாக ஒரு விசைக் காடு. ரூடினின் இயந்திரத்தில் 0 முதல் 9 வரை பத்தே விசைகள். எண்ணை எழுதுகிற வரிசையிலேயே அழுத்தலாம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் அந்த இலக்கத்துக்கான பற்கள் நீளும், வட்டுத் தொகுதி ஓர் இடம் இடப்பக்கம் நகரும்.

ஒரே வட்டில் ஒன்பது பற்களையும் விசையழுத்தத்தில் நீட்டுவது கடினம். ஐந்து பற்களை ஒரே துண்டாகவும் மீதி நான்கைத் தனித்தனியாகவும் வைத்து ரூடின் அதைத் தீர்த்தார். 7 என்றால் ஐந்தின் துண்டும் இரண்டு தனிப்பற்களும். ஃபேசிட் பற்றிய எல்லாக் கதைகளிலும் நான் மிகவும் ரசிக்கும் இடம் இதுதான்.

இதனால் கிடைத்த பலன் வேகம் மட்டுமல்ல. ஒரு கையால் எண்ணை அடித்து, மறு கையால் குறிப்பெடுக்க முடிந்தது. கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல் அடிக்கப் பழகலாம். வங்கி, காப்பீடு, நில அளவை, வானிலை, பொறியியல் என்று எண்கள் குவிகிற இடமெல்லாம் இயந்திரம் நுழைந்தது. எண்கள் அச்சிட்ட கூம்புத் தொப்பி போட்ட மந்திரவாதிக் கிழவர் அதன் விளம்பர முகமாக ஊர் ஊராகப் போனார். இந்தியப் பல்கலைக்கழகங்களின் புள்ளியியல் துறைகளில் செய்முறை வகுப்பு என்றாலே ஃபேசிட் கைப்பிடி சுற்றும் சத்தம் என்றிருந்த காலம் உண்டு.

விற்பனை ஒரு பக்கம், பராமரிப்பு மறுபக்கம்

சரிவைப் புரிந்துகொள்ள வணிக முறை தெரிய வேண்டும். நூற்றுக்கணக்கான சிறு உலோகப் பாகங்கள் உராய்ந்து ஓடும் இயந்திரம் எண்ணெய் கேட்கும், தூசு தட்டச் சொல்லும், ஒரு வில் உடைந்தால் நின்றுவிடும். எனவே விற்ற இடத்திலெல்லாம் பயிற்சி பெற்ற மெக்கானிக் வேண்டும், உதிரிப் பாகம் வேண்டும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் வேண்டும். இந்த வலையைக் கட்ட முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகும். புதிதாக ஒருவர் சந்தைக்குள் வரத் தயங்கியதே அதனால்தான். இயந்திரத்தைப் போலச் செய்துவிடலாம். நூறு நாடுகளில் மெக்கானிக்கை எங்கிருந்து கொண்டுவருவது?

ஓட்விடாபெரியில் உலோகத்தைத் துல்லியமாக வெட்டும், வளைக்கும், கெட்டிப்படுத்தும் தொழிலாளர்கள் தலைமுறையாக உருவானார்கள். ஆலையின் திறமையும் விற்பனை வலையும் சேர்ந்துதான் ஃபேசிட். காப்புரிமைகள் அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும்.

எலக்ட்ரானிக்ஸ் கையில் இருந்தது

1953இல் ஸ்டாக்ஹோமில் பெஸ்க் என்ற கணினி இயங்கத் தொடங்கியது. சிறிது காலம் உலகின் மிக வேகமான கணினி என்று பேசப்பட்டது. அதை உருவாக்கிய பொறியாளர்களில் ஒரு குழுவை 1956இல் ஓட்விடாபெரி நிறுவனம் வேலைக்கு எடுத்தது. அவர்கள் பெஸ்க் வடிவத்தை ஒட்டி ஃபேசிட் இ.டி.பி. என்ற கணினியைச் செய்தார்கள். சுழல் சக்கரத்தில் காந்த நாடாச் சுருள்களை மாட்டிய ‘கரூசல்’ நினைவகம் அதன் பெருமை. விற்பனை சில கணினிகளோடு நின்றது. 1960களின் தொடக்கத்தில் கணினித் திட்டம் கைவிடப்பட்டது.

கணினியில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் கால்குலேட்டரில் எச்சரிக்கையாக இருந்தார்கள். பிரிட்டனின் பெல் பஞ்ச் நிறுவனம் 1961இல் வால்வுகள் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்கள்) கொண்ட அனிட்டா என்ற கால்குலேட்டரைக் கொண்டுவந்தது. முழுக்க எலக்ட்ரானிக் மேசைக் கால்குலேட்டர்களில் அதுவே முதலாவது. 1964இல் ஜப்பானின் ஹயகவா மின் நிறுவனம் டிரான்சிஸ்டர் கால்குலேட்டரை வெளியிட்டது. பின்னாளில் ஷார்ப் ஆனது இந்நிறுவனம்தான். அந்தக் கால்குலேட்டரின் எடை 25 கிலோ, விலை 5,35,000 யென். அன்று ஜப்பானில் ஒரு சிறு காரின் விலை. அடுத்த சில ஆண்டுகளில் ஃபேசிட் ஹயகவாவுடன் ஒப்பந்தம் செய்து அவர்களது கால்குலேட்டர்களை ஃபேசிட் பெயரில் விற்றது.

வெளியிலிருந்து பார்த்தால் இது புத்திசாலித்தனம். ஆராய்ச்சிச் செலவு இல்லை, சந்தையும் கைநழுவவில்லை. மறுபக்கத்தில் ஹயகவாவுக்கு உலகச் சந்தையின் சுவை தெரிந்தது. எமனுக்கு விருந்து வைத்து வழியும் காட்டியாயிற்று.

கணக்கு எங்கே மாறியது

அப்படியானால் 1965இல் உடனே முழுதாக மாறியிருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். அன்றைய நிலையில் அப்படிச் செய்தவர் மூடர் என்றே தெரிந்திருப்பார். காரணங்களை வரிசையாகப் பார்த்தால் விளங்கும்.

1. 1960களின் பெரும்பகுதியில் எலக்ட்ரானிக் கால்குலேட்டர் விலை அதிகம், பெரிது. இயந்திரக் கால்குலேட்டரின் விற்பனை குறையவில்லை. ஃபேசிட்டின் வருமானம் அந்தப் பத்தாண்டில் ஏறிக்கொண்டுதான் இருந்தது.

2. எலக்ட்ரானிக்ஸின் விலை இறங்கிய விதம் உலோகத் தொழில் பார்த்திராதது. ஆலை முதலாளிக்கு ஆண்டுக்குச் சில சதவீதம் செலவு குறைந்தாலே சாதனை. தனித்தனி டிரான்சிஸ்டர்கள் போய் ஒருங்கிணைந்த சுற்றுகள் வந்தன. 1971இல் ஜப்பானின் பிசிகாம் நிறுவனத்துக்காகக் கால்குலேட்டரின் கணக்குப் பகுதி முழுவதும் ஒரே சில்லில் (சிப்) அடங்கியது. ஏழே ஆண்டில் 25 கிலோ சட்டைப்பைக்குள் போய்விட்டது.

3. இதனால் பறிபோனது சந்தை மட்டுமல்ல, திறமையின் மதிப்பும். வட்டு, நெம்புகோல், வில் செய்யத் தெரிந்த ஆயிரக்கணக்கானோரின் கைத்திறனுக்குச் சில்லில் வேலையே இல்லை. சில்லைச் செய்வது வேறு தொழில். ஃபேசிட் வாங்கி விற்றதால் அந்தத் தொழில் அதன் கைக்கு வரவே இல்லை.

4. பராமரிப்பு வலை ஒரே இரவில் சுமையாயிற்று. அசையும் பாகம் இல்லாத கால்குலேட்டருக்கு எண்ணெய் போட யாரும் வேண்டாம். விலை இன்னும் இறங்கியதும் அது அலுவலகச் சாமான் கடையில், தபாலில், எங்கும் விற்கும் பொருளாகிவிட்டது. நூறு நாடுகளின் விற்பனை அலுவலகங்களுக்கு வாடகையும் சம்பளமும் மட்டும் நிற்கவில்லை.

இதில் நிர்வாகத்தின் பிழை என்று உறுதியாகச் சொல்லத் தக்கது, என் பார்வையில், ஒன்றுதான். 1966இல் மால்மோ நகரின் ஆட்டோ நிறுவனத்தை ஃபேசிட் வாங்கியது. அதன் தொழிலும் பெரும்பாலும் இயந்திரக் கூட்டல், கணக்குக் கருவிகள். ஹயகவாவின் பெட்டிகள் தன் கிடங்கிலேயே இருந்த காலத்தில் இன்னொரு இயந்திர ஆலையைக் கடன்பட்டுச் சேர்த்துக்கொள்ள எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. போட்டியாளரை வாங்கும் பழைய பழக்கம் இங்கே கண்ணை மறைத்தது.

1972

எலோஃபின் மகன் குன்னர் எரிக்சன் 1957இலிருந்து தலைவர். ஊரின் கால்பந்துக் குழுவான ஓட்விடாபெரி எஃப்.எஃப்.க்கும் அவர்தான் புரவலர். 1971இல் நிறுவனம் நட்டத்தில் விழுந்தது. ஆட்குறைப்பு தொடங்கியது. 1972இல் எலக்ட்ரோலக்ஸ் வாங்கிக்கொண்டது; தூசு உறிஞ்சும் கருவி, குளிர்பதனப் பெட்டி செய்பவர்களின் கையில் கணக்கு இயந்திரக் குழுமம். அதே 1972இலும் அடுத்த ஆண்டும் சில ஆயிரம் பேர் வாழும் அந்த ஊரின் குழு சுவீடன் லீக் பட்டத்தை வென்றது. 1973இல் ஐரோப்பியக் கோப்பையில் பயர்ன் மியூனிக்கைப் பெனால்டி வரை இழுத்துச் சென்று தோற்றது. அந்தக் கோப்பையைப் பயர்ன்தான் கடைசியில் வென்றது. ஆலை வேலை கொடுத்து வளர்த்த குழு, ஆலை போனபிறகு உச்சத்தில் நின்றது.

ஃபேசிட் மட்டும் விழவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரன்ஸ்விகா 1959இலேயே ஒலிம்பியாவுக்குள் கரைந்தது. அமெரிக்காவின் மார்ச்சன்ட் 1958இல் ஸ்மித்-கொரோனாவோடு இணைந்தது. ஃப்ரிடனை 1963இல் தையல் இயந்திர நிறுவனமான சிங்கர் வாங்கியது. ஃப்ரிடன் சொந்தமாகவே நல்ல எலக்ட்ரானிக் கால்குலேட்டர் செய்தும் நிலைக்கவில்லை. முந்தி மாறியவர், பிந்தி மாறியவர், மாறாதவர் எல்லாரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இதை ஒரு தலைவரின் குறுகிய பார்வை என்று சொல்வது வசதியான விளக்கம், அவ்வளவுதான்.

எஞ்சியது எங்கே

உலோகத் திறமைக்கு எலக்ட்ரானிக் உலகத்திலும் ஓர் இடம் மிச்சமிருந்தது: கணினி வெளியுலகைத் தொடும் முனைகள். ஃபேசிட் 4070 என்ற காகித நாடா துளைப்பான் விநாடிக்கு 75 எழுத்து வேகத்தில் துளையிட்டது. 1970களில் கணினிக்கூடங்களிலும் கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்களுக்கு நாடா தயாரித்த இடங்களிலும் நல்ல பெயர் எடுத்தது. அச்சுப்பொறிகளும் வந்தன. 1983இல் எலக்ட்ரோலக்ஸ் ஃபேசிட்டைத் தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்சனுக்கு விற்றது. குன்னர் எரிக்சனுக்கும் இந்த எரிக்சனுக்கும் தொடர்பில்லை. சுவீடனில் அந்தப் பெயர் தெருவுக்குத் தெரு.

சென்னையில் கதை வேறு. ஹால்டாவும் ஃபேசிட்டும் இங்கே தட்டச்சு இயந்திரங்களாக வேர் பிடித்தவை. பெருங்குடியில் ஃபேசிட் ஏசியா நிறுவனம் அவற்றைத் தயாரித்தது. தமிழ் விசைப்பலகையோடும் வந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடு, அரசுத் தட்டச்சுத் தேர்வு, மலிவான மெக்கானிக் கூலி மூன்றும் சேர்ந்து, தாய் நிறுவனம் கைமாறிய பிறகும் அந்தப் பெயரை இங்கே ஓட வைத்தன.

அடைத்த சந்தையில் பழைய இயந்திரம் நீடிக்கும் என்பது சோவியத் நாட்டில் இன்னும் தெளிவு. ஓட்னரின் 1870களின் வட்டு, ஃபெலிக்ஸ் என்ற பெயரில் 1978 வரை உற்பத்தியில் இருந்தது. ஓட்விடாபெரி ஆலையைத் தோற்கடித்த ஜப்பானியக் கால்குலேட்டரைவிட அந்த இயந்திரம் எந்த விதத்திலும் சிறந்ததல்ல. அந்தச் சந்தைக்குள் ஷார்ப்பின் விலை நுழையவில்லை.